பெத்லகேம் வானமும் வன்னி வானமும்



தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று மருட்கை. வியப்பு என்று நாம் இன்று சொல்வது அதனையே. புதியதைக் காணும்போதும், மிகப் பெரியதைக் காணும்போதும், மிகச் சிறியதைக் காணும்போதும், ஒன்று திரிந்து இன்னொன்றாவதைக் காணும்போதும் அது பிறக்கும் என்பர். அச்சத்தை அவர் தனி மெய்ப்பாடாக வைத்தார். கடவுளின் பெருமைக்கு முன்னால் மனிதன் கொள்ள வேண்டியது அச்சமா, மருட்கையா? கிறிஸ்தவத் தமிழ் இலக்கியத்தைப் படிக்கும்போது இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி எழுவதுண்டு. நான் சைவன், இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிப்பவன். ஆயினும் தமிழிலே எழுதப்பட்ட பக்தி யாருடையதாயினும் அது நமது முதுசொம் என்று எண்ணுபவன்.

தஞ்சாவூருக்குச் செல்வோம். 1774 இல் திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயரின் மாணவராகித் தஞ்சைக்கு வந்தவர். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் அதே ஐயரிடம் பயின்றவர்தான். தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரிமாரிடம் சாஸ்திரியார் மேனாட்டு விஞ்ஞானமும் கற்றார். 1800 இல் அவர் பாடியது 'பெத்லகேம் குறவஞ்சி'.

குறவஞ்சியின் அமைப்பை நேயர்கள் அறிவீர்கள். தலைவன் உலா வருவான். தலைவி மையல் கொள்வாள். குறத்தி குறி சொல்வாள். குறவன் வலை விரித்துப் பறவை பிடிப்பான். திருக்குற்றால நாதருக்கு உரிய அந்த வடிவத்தை எடுத்துச் சாஸ்திரியார் பெத்லகேம் நாதருக்கு ஆக்கினார். தலைவி சீயோன் மகள். குறி சொல்ல வருபவள் விசுவாசம். இவற்றினிடையே அவர் செய்த புதுமை ஒன்றுண்டு. சூரியனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுற்றுகின்றன என்ற கோப்பர்னிக்கசின் வானியலை நாட்டியப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். விஞ்ஞானம் வந்தால் பக்தி குறையும் என்று அவர் அஞ்சவில்லை. வானம் விரிய விரிய அதனைப் படைத்தவனின் பெருமையும் விரிந்தது. அத்தனை கோள்களையும் படைத்தவன் பெத்லகேம் என்ற சிற்றூரில், மாட்டுத் தொழுவமொன்றில், குழந்தையாய்க் கிடக்கிறான். பெருமையும் சிறுமையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன, ஒன்று இன்னொன்றாகின்றது. மருட்கை பிறக்க வேறென்ன வேண்டும்?

இனி யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலும் இதே வானியல்தான் கற்பிக்கப்பட்டது. 1829 மார்ச் 20 ஆந் திகதி சந்திர கிரகணம். பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் சொன்ன நேரத்துக்கும் செமினரியின் கணிப்புக்கும் சிறிது வேறுபாடு இருந்தது. அதிபர் டானியல் பூவர் அதனை ஊரறிய எடுத்துக் காட்டினார். அன்றிரவு எல்லாரும் அண்ணாந்து பார்த்திருக்க, கிரகணம் செமினரியின் கணிப்புப்படியே நிகழ்ந்தது. பூவர் வென்றார். ஆனால் அந்த இரவில் வானம் எதற்குப் பயன்பட்டது? புராணங்கள் பொய் என்று காட்டும் சாட்சியாக. தஞ்சையிலே பாட்டாக இருந்த கோள்கள் வட்டுக்கோட்டையிலே வழக்காயின.

அந்தச் செமினரி நமக்குத் தந்த கல்விச் செல்வத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அதன்பின் கண்டனங்கள் பெருகின. 1854 இல் ஆறுமுக நாவலர் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். தமிழ் வசனநடை அதனால் வலிமை பெற்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் இரு பக்கத்துக் கடவுளரும் வாதத்தில் வெல்லவேண்டியவர்களாகிவிட்டனர். வாதத்தில் வென்ற கடவுளை ஏற்றுக்கொள்ளலாம், வியப்பது கடினம்.

எங்கள் வன்னிக்கு வானம் வேறொரு பொருளைத் தந்தது. 1990களின் பிற்பகுதி முதல் 2009 வரை இங்கு வானத்தைப் பார்ப்பதென்றால் கிபிர் வருகிறதா என்று பார்ப்பதுதான். மின்சாரமில்லாத அந்த இரவுகளில் நட்சத்திரங்களுக்குக் குறைவிருக்கவில்லை. அவற்றுக்காக அண்ணாந்தவர்கள்தான் குறைவு. தொல்காப்பியர் வேறாக வைத்த அச்சம் வானம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தருக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாதா சுரூபத்துடன் ஒதுங்கிய காடு மடு. அந்த மடுக் கோயிலும் தப்பவில்லை. 1999 நவம்பரில் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது.

இவ்வளவுக்கும் பிறகு கடவுளின் பெருமையைப் பேசலாமா? விவிலியத்திலே யோபு என்ற நீதிமான் இதே கேள்வியோடு நிற்கிறான். பிள்ளைகளையும் பொருளையும் இழந்தவன்; ஏன் என்று கேட்கிறான். நண்பர்கள் வாதங்களை அடுக்குகிறார்கள். இறுதியில் இறைவன் சூறாவளியிலிருந்து பேசுகிறார். அவர் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. கடலையும் பனியையும் காட்டு விலங்குகளையும் நட்சத்திரங்களையும் காட்டுகிறார். நண்பர்களின் வாதங்களைத் தள்ளுகிறார். கேள்வி கேட்ட யோபுவையோ தள்ளவில்லை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அங்கே வரும் நட்சத்திரக் கூட்டத்தை 'அறுமீன்' என்கிறது. அது நமது கார்த்திகை. முருகனை வளர்த்த தாய்மார். அந்தச் சொல்லை வகுப்பில் விளக்கும்போது இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே வானத்தைப் பார்க்கிறார்கள்.

யோபுவுக்குக் கிடைத்தது விடை அன்று. இழந்த தாய்க்கு அது போதும் என்று சொல்ல எனக்கு உரிமையுமில்லை. ஆனால் அச்சம் பறித்துக்கொண்ட வானத்தை மருட்கைக்குத் திருப்பிக் கொடுப்பதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை. மடுவின் ஆவணித் திருவிழாவுக்குச் சைவர்களும் போகிறார்கள். மரங்களின் கீழே கூடாரமடித்து இரவு தங்குகிறார்கள். அங்கே விளக்குகள் அணைந்தபின் சற்று அண்ணாந்து பாருங்கள். வேதநாயகம் சாஸ்திரியார் பாடிய அதே வானம்.