போர்முனைத் தந்தியும் பொதுவாழ்வுத் தொழிலும்

நமது ரேணிகுண்டா வழியே செல்லும் சென்னை–பம்பாய் இருப்புப்பாதை 1871-இல் இணைப்புற்றது. பாதையுடன் தந்திக் கம்பியும் உடன் சென்றது. அக்கம்பியின் தொழிலைப் படைவீட்டில் பயின்றோரும் உளர்.

இந்தியப் படையின் சிக்னல்ஸ் பிரிவு 1911 பிப்ரவரி 15-இல் தோன்றிற்று. மோர்ஸ் ஒலியைச் செவியால் வாங்கிக் கையால் எழுதுதல், அறுந்த கம்பியைத் தேடிப் பிணைத்தல், கம்பியில்லாக் கருவியைச் செப்பனிடுதல் ஆகியனவே அவ்வீரர் கற்ற கல்வி. 1945-இல் போர் ஓய்ந்து பல்லாயிரவர் இல்லம் திரும்பினர். அக்கல்வி வீணாகுமோ? மோர்ஸ் மொழிக்குச் சீருடை ஏது! ரயில்வேயும் தபால் தந்தித் துறையும் வேண்டியது அதே கைத்திறனே. பெங்களூரில் 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் எழுந்தன.

எனினும், திறன் இருந்தும் பட்டமின்மை தடையாயிற்று. மெட்ரிகுலேஷன் தேறி 15 ஆண்டு படையில் பணியாற்றியவரைப் பட்டதாரிக்குரிய சில பதவிகளுக்கும் ஏற்கலாம் என மத்திய அரசு பின்னர் விதி செய்தது. கைத்தொழிலுக்குக் கிட்டிய காலந்தாழ்ந்த மதிப்பு அது.

பகை விமானத்தைத் தேடப் பிறந்த ரேடார், இன்று திருப்பதிக்கு அருகே காதங்கியில் வளிமண்டலத்தை ஆராய்கின்றது. தந்திச் சேவையோ 2013 ஜூலையில் நின்றது. கருவி மாறும், கற்ற செவியும் கையும் புதியதைக் கற்கும். நம் காலனிச் சிறார் இதனை உளங்கொள்வாராக!