எண்ணெயைக் கைவிட்ட கால்கள்: வீட்டில் கட்டிய விமானங்களும் ஹைட்ராலிக்கும்

2014-இல் மணிமுத்தாறு ஓடுதளத்திலிருந்து இரண்டு பேர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்று மேலெழும்பியது. அதைக் கட்டியவர் கேரளத்தின் தொடுபுழா பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ்; செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பறக்கவிட்டவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். தென்காசி, குற்றாலம் பக்கம் வீட்டில் கட்டிய விமானத்துக்குத் தடம் தேடினால் அம்பாசமுத்திரம் தாண்டி அந்த ஓடுதளத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. பத்திரிகைகள் மனிதரைப் பற்றி எழுதின, அதில் தவறில்லை. இக்கட்டுரை விமானத்தின் கால்களைப் பார்க்கிறது. அந்தச் சக்கரங்கள் மடங்காதவை. பெரிய பயணிகள் விமானங்கள் எண்ணெய் அழுத்தத்தால் காலை மடக்கும் காலத்தில் இது ஏன்? வசதிக் குறைவு என்று சொல்லிவிடலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஹைட்ராலிக் என்று பொதுவாகச் சொன்னாலும் விமானக் காலில் எண்ணெய்க்கு மூன்று வேலைகள்: இறங்கும் அடியைத் தாங்குவது, சக்கரத்தை மடக்குவது, பிரேக் பிடிப்பது. மூன்றும் ஒன்றாக வளரவில்லை.

நம் மாநிலத்தின் முதல் உள்ளூர் விமானம் 1910-இல் சென்னையில் உருவானது. ஓட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ் வடிவமைக்க, வண்டி கட்டுவதில் பேர்பெற்ற சிம்ப்சன் கம்பெனியார் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து விமானங்களில் அடி தாங்கியது பெரும்பாலும் அச்சைச் சுற்றி வரிந்து கட்டிய ரப்பர் கயிறுதான். எண்ணெய் வந்தது பீரங்கி வழியாக. சுட்டதும் பின்னால் பாயும் குழலை அடக்க, எண்ணெயைச் சிறு துளை வழியே பிதுக்கும் உத்தி பீரங்கிப் பட்டறைகளில் இருந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் 1915-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அதை விமானக் காலுக்குக் கொண்டுவந்தது. ஒரு குழாய்க்குள் எண்ணெயும் காற்றும்; காற்று எடையைத் தாங்கும், துளையில் நெருக்கி ஓடும் எண்ணெய் அடியின் ஆற்றலை வெப்பமாக்கித் தின்றுவிடும். 1935-இல் பறந்த டிசி-3-இல் சக்கரத்தை மடக்கும் வேலையையும் எண்ணெயே செய்தது.

இங்கேதான் பாதை பிரிகிறது. பெரிய நிறுவனங்கள் எண்ணெயோடு முன்னே போக, கொட்டகையில் விமானம் கட்டியவர்கள் அதை விட்டு விலகினார்கள். அமெரிக்கப் பந்தய விமானி ஸ்டீவ் விட்மேன் 1930களில் காலையே ஒரு வில்லெஃகுப் பட்டையாக்கினார். குழாய் இல்லை, சீல் இல்லை, ஒழுக்கு இல்லை. செஸ்னா நிறுவனம் உரிமை வாங்கி, 1946-இல் வந்த 120, 140 விமானங்களில் அதைப் பொருத்தியது. ஒரு குறை உண்டு: எண்ணெய் அடியை விழுங்கும், எஃகு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். மோசமாக இறக்கினால் விமானம் துள்ளும். கால்கள் அகலும்போது டயர் தரையில் பக்கவாட்டில் உரசுவதால் துள்ளலில் ஒரு பங்கு அடங்கும். பிறகு வந்த, வீட்டில் கட்டும் ஆர்வி வகை விமானங்களின் எஃகுத் தண்டுக் கால்களும் இந்த வழி வந்தவைதான்.

அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1979-இல் பறக்கவிட்ட லாங்-ஈசெட் இன்னும் ஒரு படி போனது. பின் கால்கள் கண்ணாடி இழையால் ஆன ஒரே வளைவு. மூக்குச் சக்கரம் மட்டும் மடங்கும், அதுவும் விமானி கையால் கைப்பிடி சுற்றினால். மோட்டாரும் பம்ப்பும் தேவையில்லை. அதே வடிவத்தில் பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் 1980களில் ஒரு விமானம் கட்டிப் பறக்கவிட்டது. இழைப்பொருள் வேலையை அதில் பழகியது. 1993-இல் அந்த ஆய்வகம் பறக்கவிட்ட ஹன்சாவுக்கும் மடங்காத சக்கரங்களே.

எண்ணெய் அடியோடு ஒழியவும் இல்லை. 1980களில் கிளாசேர், லான்கேர் போன்ற வேகமான கிட் விமானங்கள் ஹைட்ராலிக் மடக்குக் கால்களை வீட்டுப் பட்டறைக்குள் கொண்டுவந்தன. மாதிரி பழையது: 1967-இன் பைப்பர் ஆரோவில் மின்மோட்டார் சுழற்றும் சிறு பம்ப் ஒன்று காலை இழுத்து மடக்கியது. மேலே போன காலைப் பிடித்து வைக்கக் கொக்கி கிடையாது. எண்ணெய் அழுத்தமே பிடித்திருந்தது. அழுத்தத்தை விட்டால் கால் தன் எடையிலேயே கீழே விழும், அவசரத்துக்கு அது நல்லது. ஆனால் எங்கோ ஒரு ஆயில் சீல் கசிந்தால் அழுத்தம் மெல்ல இறங்கும். கால் தொங்கத் தொடங்குவதற்குள் பம்ப் தானாக ஓடி அழுத்தத்தை ஏற்றும். யாரும் தொடாமலே பம்ப் விட்டு விட்டு ஓடும் சத்தம் கேட்டால் அனுபவமுள்ள விமானிக்குக் கசிவு புரிந்துவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு? விடை வேகத்தில் இருக்கிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; 100 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப் போல 400-இல் பதினாறு மடங்கு. லான்கேர் போன்றவை அந்த மேல் எல்லைக்கு நெருங்கிப் போகின்றன, அவற்றுக்கு மடக்கினால் லாபம். மணிமுத்தாற்றில் பறந்தது போன்ற மென்விமானம் கீழ் எல்லையைச் சுற்றியே ஓடுவது. பம்ப், குழாய், பூட்டு ஆகியவற்றின் எடை மிச்சமாகும் தடையை விழுங்கிவிடும். 2004-இல் அமெரிக்கா இலகு விளையாட்டு விமான விதி வகுத்தபோது தரையில் இறங்கும் விமானங்களுக்கு நிலையான காலைக் கட்டாயமாக்கியது.

தென்காசிப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் பொருந்தும் என்பது என் கருத்து. ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரல் தரும். சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றும். அப்படிக் குறுக்குக் காற்றில் இறங்கும் சிறு விமானம் சக்கரத்தைப் பக்கவாட்டில் உதைத்தபடியே தரை தொடுகிறது. கீலும் பூட்டும் உள்ள காலைவிட ஒரே துண்டான கால் அந்த உதையை நன்றாகத் தாங்கும்.

இத்தகைய விமானங்களில் எண்ணெய் கடைசியாகத் தங்கிய இடம் பிரேக். அதிலும் கேபிள் பிரேக்கோடு நிறுத்திக்கொள்பவை உண்டு. தென்காசியில் டிராக்டருக்கும் பொக்லைனுக்கும் ஹைட்ராலிக் வேலை பார்க்கும் மெக்கானிக்குக்கு இதன் இயக்கம் புதிதாக இருக்காது. ஆனால் எண்ணெய் வேறு. சிறு விமானப் பிரேக்கில் பெரும்பாலும் ஊற்றுவது சிவப்பு நிறக் கனிம எண்ணெய், அதற்கேற்ற நைட்ரைல் ரப்பர் சீல். கார் பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. அதை ஊற்றினால் அந்தச் சீல் கெட்டுக் கசியும். காற்றை வெளியேற்றும் முறையும் மாறும். காரில் பெடலை மிதித்து எண்ணெயைக் கீழே தள்ளிச் சக்கரத்தருகே காற்றை விடுவார்கள். இங்கே சக்கரத்தருகே எண்ணெயை ஏற்றி மேல்நோக்கித் தள்ளுகிறார்கள், குமிழி தானாக ஏறும் திசையிலேயே அதை விரட்டுவதற்காக.