தாராவியின் 'தானா'

தாராவி என்றதும் நம்மவர்களுக்கு நாயகன் படம்தான் ஞாபகம் வரும். மும்பை வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான். அங்கே பதின்மூன்றாம் காம்பவுண்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. நாம் தூக்கிப் போடும் ஷாம்பு பாட்டிலும் உடைந்த பக்கெட்டும் மறுபடி சரக்காவது அங்கேதான்.

முதலில் ரகம் பிரிப்பார்கள். பிறகு மெஷினில் அரைத்து, கழுவி, கூரை மேல் காயவைப்பார்கள். கடைசியில் உருக்கி, நூலாக இழுத்து, தண்ணீரில் ஆறவைத்து, குருணையாக வெட்டுவார்கள். தொழிலில் இதற்குப் பெயர் 'தானா'. இந்தியில் தானிய மணி என்று அர்த்தம்.

அரைக்கவும் உருக்கவும் மெஷின் எப்போதோ வந்துவிட்டது. ரகம் பிரிப்பது மட்டும் கைவேலையாகவே நின்றுவிட்டது. ஏன்?

கொஞ்சம் கெமிஸ்ட்ரி, கொஞ்சம் கூலி. தண்ணீரில் போட்டால் பாலிஎத்திலீன் மிதக்கும். பெட் பாட்டிலும் பிவிசியும் மூழ்கும். மூழ்கிய இரண்டையும் தொட்டி பிரித்துத் தராது. பெட்டோடு துளி பிவிசி சேர்ந்து உருகினாலும் அமிலம் கிளம்பிச் சரக்கைக் கெடுத்துவிடும். அதனால் தட்டிச் சத்தம் கேட்டு, நகத்தால் கீறி, கொளுத்தி முகர்ந்து பார்த்து ஆட்களே பிரித்தார்கள். மெழுகுவர்த்தி வாசம் வந்தால் பாலிஎத்திலீன். மூக்கை எரித்தால் பிவிசி. அந்தப் புகை அவர்கள் நெஞ்சுக்குள்தான் போனது.

ஜெர்மனியில் கதை வேறு. பேக்கேஜிங்கை விற்றவரே திரும்ப எடுக்க வேண்டும் என்று 1991-ல் அங்கே சட்டம் வந்தது. கூலியும் அதிகம். 1990-களில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்து ரகம் கண்டுபிடித்து, காற்றை ஊதித் தள்ளிப் பிரிக்கும் மெஷின்கள் வந்தன.

இங்கே 1999 விதிகள், மறுசுழற்சிப் பைகளில் உணவு வைக்கக் கூடாது என்றன. தானா பக்கெட்டுக்கும் செருப்புக்கும் போனது. 2022-ல் வந்த விதி, கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு வேண்டும் என்றது. அதற்குச் சுத்தமான சரக்கு தேவை. பெரிய ஆலைகளுக்கு அந்த ஒளி மெஷின்கள் வந்துவிட்டன. கறுப்பு பிளாஸ்டிக் மட்டும் அவற்றின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஒளியை விழுங்கிவிடும். நகத்தால் கீறிப் பார்ப்பவருக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

மெஷின் வரட்டும், புகை ஒழியட்டும். ஆனால் 2022-லேயே தாராவி மறுசீரமைப்பு டெண்டரும் முடிவாகிவிட்டது. சட்டம் எதுவும் சொல்லாத காலத்திலேயே நம் குப்பையைப் பிரித்தவர்கள் இவர்கள். அடுத்த ஆலையில் இவர்களுக்கு ஒரு வேலை உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும்.