நாக் அவுட் கணக்கும் நிஜக் குத்தும்

ஹெவிவெயிட் சாம்பியன்களில் யாருடைய குத்து பலமானது? குத்துச்சண்டை ரசிகர்கள் நூறு வருடங்களாக அடித்துக்கொள்ளும் கேள்வி இது. ஒருவர் டைசன் என்பார், இன்னொருவர் ஃபோர்மன் என்பார், மூன்றாமவர் மார்சியானோ என்பார். கடைசியில் எல்லோரும் கையில் எடுப்பது ஒரே ஆயுதத்தைத்தான்: நாக் அவுட் சதவீதம். மார்சியானோ 49 போட்டியில் 43 நாக் அவுட். டைசன் 50 வெற்றியில் 44. ஃபோர்மன் 76 வெற்றியில் 68. 2020 பிப்ரவரி வரை டியான்டே வைல்டர் 42 வெற்றியில் 41!

ஆனால் இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? எத்தனை பேர் விழுந்தார்கள் என்று அது சொல்லும். யார் விழுந்தார்கள், ஏன் விழுந்தார்கள் என்று சொல்லாது. இதற்கு மிகப்பெரிய சாட்சி பிரைமோ கார்னேரா.

கார்னேரா 1906-ல் இத்தாலியில் பிறந்தவர். ஆறரை அடி உயரம், 260 பவுண்டுக்கு மேல் எடை. பிரான்சில் சர்க்கஸில் பலசாலி வேஷம் கட்டிக்கொண்டிருந்தவரைக் குத்துச்சண்டைக்கு இழுத்து வந்தார்கள். 1930-ல் அமெரிக்கா போனார். அங்கே ஊர் ஊராகப் போட்டி, போன இடமெல்லாம் நாக் அவுட். எதிராளிகள் வரிசையாக விழுந்தார்கள். அவரை நடத்திய கும்பலுக்கோ நியூயார்க் பாதாள உலகத்தோடு தொடர்பு இருந்தது. 1930 ஏப்ரலில் ஓக்லண்டில் பாம்போ செவாலியே என்பவருடன் ஒரு போட்டி. செவாலியே நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே அவருடைய மூலையிலிருந்து துண்டு வந்து விழுந்தது! கலிபோர்னியா ஆணையம் விசாரணையே நடத்தியது. ஆனாலும் நாக் அவுட் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

1933 பிப்ரவரி 10. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரில் எர்னி ஷாஃப் என்ற 24 வயது இளைஞர். 13-ஆம் சுற்றில் கார்னேராவின் இடது கை பட்டது. பெரிய குத்தாகவே தெரியவில்லை. ஷாஃப் சரிந்து விழுந்தார். கூட்டம் என்ன செய்தது தெரியுமா? "ஏமாற்று! ஏமாற்று!" என்று கத்தியது. கார்னேராவின் போட்டிகள் அப்படிப் பேர் எடுத்திருந்தன. இந்தக் குத்துக்கு ஒரு மனிதன் விழுவானா என்று சந்தேகப்பட்டார்கள். ஷாஃப் எழுந்திருக்கவே இல்லை. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 14 அன்று, மருத்துவமனையில் இறந்துபோனார்.

அதோடு கதை தலைகீழானது. நேற்றுவரை சந்தேகத்துக்குரிய குத்து, இன்று கொலைக் குத்து! கார்னேரா மாதிரியான பேருருவங்களுக்குத் தனி எடைப்பிரிவு வேண்டும் என்று நியூயார்க் ஆணையத்திலேயே பேச்சு எழுந்தது. உண்மை வேறு மாதிரி இருந்தது. ஷாஃப் அப்போதுதான் கடுமையான ஃப்ளூ காய்ச்சலிலிருந்து எழுந்து வந்திருந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் தெரிந்தன. அது மட்டுமில்லை, ஐந்து மாதம் முன்பு, 1932 ஆகஸ்டில், மேக்ஸ் பேர் அவரைக் கடைசிச் சுற்றில் நினைவிழக்க அடித்திருந்தார். ஷாஃப் கண் விழிக்கவே சில நிமிடங்கள் ஆயின. அந்தச் சேதம்தான் பிறகு உயிரை வாங்கியது என்று பலரும் நம்பினார்கள். ஆக, ஒரு நோயாளி இளைஞனின் சாவு இன்னொருவரின் கைபலத்துக்குச் சான்றிதழாகிவிட்டது.

அதே வருடம் ஜூன் 29-ல் ஷார்க்கியை ஆறாவது சுற்றில் வீழ்த்தி கார்னேரா உலக சாம்பியன் ஆனார். அந்தப் போட்டி மீதும் சந்தேகம் உண்டு. ஷார்க்கி கடைசி வரை மறுத்தார். அது போகட்டும். சாம்பியன் ஆன பிறகு நடந்ததைப் பார்த்தால் போதும். உஸ்குடுனுடன் 15 சுற்று, புள்ளிகளில்தான் வெற்றி. 1934 மார்ச்சில் டாமி லாக்ரனுடன் மோதினார். லாக்ரன் ஒரு எடைப்பிரிவு கீழே இருந்து வந்தவர், கார்னேராவை விட 80 பவுண்டுக்கும் மேல் எடை குறைந்தவர். அவரும் 15 சுற்று முழுக்க நின்றார்! கொலைக் குத்து எங்கே போயிற்று? மிகைப்படுத்தப்பட்ட சாம்பியன்கள் பட்டியலில் முதல் இடம் சந்தேகமில்லாமல் கார்னேராவுக்குத்தான்.

மேக்ஸ் பேர் கதை வேறு. அவருடைய வலது கை நிஜமாகவே பயங்கரமானது. 1930-ல் சான்பிரான்சிஸ்கோவில் அவரிடம் அடி வாங்கிய பிராங்கி கேம்ப்பெல் மறுநாள் இறந்தார். 1934 ஜூனில் கார்னேராவையே திரும்பத் திரும்பக் கீழே தள்ளி 11-ஆம் சுற்றில் பட்டத்தைப் பறித்தார். அதனால் அடுத்த வருடம் ஜேம்ஸ் பிராடக் உயிரோடு திரும்புவாரா என்றே சிலர் கவலைப்பட்டார்கள். பிராடக் நேராகக் குத்தினார், நகர்ந்துகொண்டே இருந்தார், 15 சுற்றில் புள்ளிகளில் வென்றார். பேரின் குத்தில் குறை இல்லை. "ஒரு குத்து போதும்" என்ற நம்பிக்கைதான் மிகை. அந்த நம்பிக்கை எதிராளியை விடப் பேரைத்தான் அதிகம் ஏமாற்றியது.

இந்த இடத்தில் டைசனுக்கு வருவோம். 1990 பிப்ரவரியில் டோக்கியோ போகும்போது அவருடைய கணக்கு 37 வெற்றி, 33 நாக் அவுட். மிச்சம் நான்கு பேர் யார்? டில்லிஸ், மிட்ச் கிரீன், போன்கிரஷர் ஸ்மித், டோனி டக்கர். நால்வரும் கட்டிப்பிடித்தோ, நகர்ந்தோ, நிதானமாகப் பதிலடி கொடுத்தோ கடைசி மணி வரை நின்றார்கள். ஸ்பிங்ஸ் 91 வினாடியில் போனார். அவர் முகத்தில் பயம் வளையத்துக்குள் வரும்போதே தெரிந்தது. டைசனின் பலம் ஒற்றைக் குத்தில் இல்லை. வேகம், கோணம், அடுத்தடுத்து வரும் குத்துக்கள், கூடவே பயம். பயப்படாத பஸ்டர் டக்ளஸ் டோக்கியோவில் எட்டாவது சுற்றில் விழுந்தார், எழுந்தார், பத்தாவது சுற்றில் டைசனையே வீழ்த்தினார்.

வைல்டருக்கும் இதே கேள்வி. முதல் 32 போட்டியும் நாக் அவுட், ஒன்றுகூட நான்காம் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் அந்த 32 பேரில் முதல் தர வீரர்கள் மிகக் குறைவு. 2015-ல் பட்டத்துக்காக ஸ்டிவர்னுடன் மோதியபோது முதல்முறையாக 12 சுற்று போக வேண்டியதாயிற்று. 2018-ல் 12-ஆம் சுற்றில் டைசன் ஃப்யூரி விழுந்தார், எழுந்தார். 2021-ல் நான்காம் சுற்றில் இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறையும் எழுந்தார், 11-ஆம் சுற்றில் வைல்டரை முடித்தார். அப்படியானால் வைல்டரின் குத்து பொய்யா? இல்லை. 2019-ல் ஆர்ட்டிஸிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்து ஏழாவது சுற்றில் ஒரே வலது கையால் போட்டியை முடித்தவர் அவர். குத்து நிஜம். 41 என்ற எண் காட்டும் பிரம்மாண்டம்தான் கொஞ்சம் மிகை.

ஃபோர்மன் இரண்டு பக்கத்துக்கும் உதாரணம். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலியைச் சந்தித்தபோது 40 வெற்றி, 37 நாக் அவுட். அதற்கு முந்தைய எட்டுப் போட்டிகள் இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை. அலி கயிற்றில் சாய்ந்து அத்தனையும் வாங்கிக்கொண்டு எட்டாவது சுற்றில் திருப்பிக் கொடுத்தார். பலம் தோற்றது என்றார்கள். இருபது வருடம் கழித்து, 1994 நவம்பரில், 45 வயது ஃபோர்மன் மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்தார். பத்தாவது சுற்றில் ஒரு குறுகிய வலது. மூரர் எழவில்லை. வேகம் போயிருந்தது, கால் போயிருந்தது, குத்து மட்டும் இருந்தது. அதற்குப் பெயர்தான் நிஜமான பலம்.

ஆகவே அடுத்த முறை யாராவது சதவீதத்தைக் காட்டினால் மூன்று கேள்வி கேட்டால் போதும். விழுந்தவர் யார்? எழுந்தவர்கள் யார்? களைத்துப்போன கடைசிச் சுற்றுகளிலும் அந்தக் குத்து இருந்ததா? இந்த மூன்றிலும் ஃபோர்மன் தேறுகிறார். பேர், டைசன், வைல்டர் பாதிக்கு மேல் தேறுகிறார்கள். கார்னேரா ஒன்றில்கூடத் தேறவில்லை.

அதற்காகக் கார்னேராவைத் திட்டவும் மனம் வராது. அவர் சம்பாதித்ததில் பெரும்பகுதியை அவரை நடத்தியவர்களே எடுத்துக்கொண்டார்கள். தன் குத்து உலகத்திலேயே பெரியது என்று அவரையும் சேர்த்தே நம்ப வைத்திருக்கலாம். அந்தக் கதையில் உண்மையாக விழுந்தவர் எர்னி ஷாஃப் ஒருவர்தான். அவர் விழுந்தபோதுதான் கூட்டம் நம்பவில்லை.