டிஸ்க்கா, டவுன்லோடா? - ஒரு குட்டி வரலாறு

தீபாவளி போனஸ் வந்ததிலிருந்து புனே வீட்டில் ஒரே பஞ்சாயத்து. பையனுக்கு ப்ளேஸ்டேஷன் 5 வேணுமாம். வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு. டிஸ்க் போடற மாடலா, இணையக் கடையில் மட்டும் கேம் வாங்கற டிஜிட்டல் மாடலா என்பதுதான் தகராறு. "டிஜிட்டல்தான் விலை கம்மிப்பா" என்கிறான். தங்கமணியும் அவன் கட்சி. எனக்கோ, காசு கொடுத்தா கையில் ஏதாவது வரணும். சரி, இந்தக் கதை எங்கே ஆரம்பிச்சதுன்னு தோண்டிப் பார்த்தேன்.

டவுன்லோடு நேத்து வந்த சமாச்சாரம்னு நினைச்சிருந்தேன். இல்லைங்க! 1983-லேயே அமெரிக்காவில் அட்டாரி 2600-க்கு கேம்லைன்னு ஒரு சேவை வந்தது. டெலிபோன் லைன் வழியா கேம் இறங்கும். சில தடவை ஆடினதும் காலாவதி. சீக்கிரமே சேவையும் படுத்துடுச்சு. அதே வருஷம் விற்காத கேட்ரிட்ஜ்களை அட்டாரி நியூ மெக்ஸிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைச்சது. 2014-ல் தோண்டினப்போ ஆயிரத்துக்கு மேல் கிடைச்சு, ஏலத்துக்கே போச்சு. முப்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் பொருள் பொருளாத்தான் இருந்தது.

நம்ம ஊர்ல 90-கள்ல ஜப்பானின் ஃபேமிகாமைக் காப்பியடிச்ச டிவி கேம்தான். மேலே 9999 கேம்னு போட்டிருக்கும், உள்ளே அதே பத்துப் பதினைஞ்சுதான் :) ஆனா ஒரு கேட்ரிட்ஜ் தெருவில் எத்தனை வீடு சுத்தி வரும்!

2003-ல் வால்வ் கம்பெனியின் ஸ்டீம் வந்தது. 2004-ல் ஹாஃப் லைஃப் 2-ஐக் கடையில் பெட்டியோட வாங்கினவங்களும் ஸ்டீம் கணக்கு தொடங்கினாத்தான் ஆட முடிஞ்சது. பெட்டி வெறும் சாவியானது அப்போதான். 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் தினமும் ஒருமுறை இணையத்தில் தலைகாட்டணும், பழைய டிஸ்க்கைக் கைமாத்தக் கட்டுப்பாடு உண்டுன்னு சொன்னது. ஆடறவங்க கொதிச்சதில் அந்த மாசமே பின்வாங்கிடுச்சு.

இணையக் கடைகளும் மூடும். நின்டெண்டோ வீ கடை 2019-ல், வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023-ல், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024-ல் மூடிடுச்சு. 2025 முதல் கலிஃபோர்னியா சட்டப்படி, டிஜிட்டல் கேம் விற்கறவங்க "இது உரிமம்தான், சொந்தம் இல்லை"ன்னு தெளிவா சொல்லணும்.

அதுக்காக டிஸ்க் இரும்புப் பெட்டின்னு நினைக்காதீங்க. யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் 'தி க்ரூ' சர்வரை நிறுத்தினப்போ டிஸ்க் வெச்சிருந்தவங்களாலும் ஆட முடியலை. எதிர்ப்பக்கம், 2008-ல் வந்த போலந்தின் ஜிஓஜி பூட்டில்லாம விற்குது. இறக்கின கேமை நாமே பத்திரப்படுத்தலாம்.

கடைசியில் டிஸ்க் மாடலே வாங்கினோம். கதை உள்ள பெரிய கேம் டிஸ்க்கில். இணையம் இல்லாம ஓடாததும் குட்டி கேமும் டவுன்லோடில்.

பையனைச் சம்மதிக்க வெச்சது என் வரலாறு இல்லைங்க. திருநெல்வேலியில் அவன் அத்தை பையன்கிட்டயும் இதே பெட்டி இருக்கு. "மே லீவுக்குப் போகும்போது ஆடி முடிச்சதை அவனுக்குக் கொடுக்கலாம்டா. டவுன்லோடை எப்படிக் கொடுப்பே?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்போ அவன்கிட்ட இருக்கறதை நான் வாங்கிட்டு வரலாமா?"ன்னான்.

வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கற பசங்க. அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கே கூடுதல் காசு தகும்னு தோணிச்சு.