அரையர் என்னும் விருது

ஸ்ரீரங்கத்தில் அத்யயன உத்ஸவத்தின்போது, பகல் பத்தில் அர்ஜுன மண்டபத்திலும் இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபத்திலும், கூம்பிய குல்லாய் தரித்து, கையில் தாளம் ஏந்தி, நம்பெருமாள் திருமுன் நின்று திவ்யப் பிரபந்தப் பாசுரங்களை இசைத்தும் அபிநயித்தும் வியாக்கியானம் கூறியும் கைங்கர்யம் செய்வோருக்கு அரையர் என்று பெயர். அரசரைக் குறிக்கும் அச்சொல் பாடுவோருக்கு எவ்வாறு வந்தது?

குல்லாய் கிரீடத்தை நினைவூட்டுவது உண்மையேயாயினும், அதிலிருந்து பெயர் பிறந்ததென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றுமுன் இக்காவிரி நாட்டில் ஆண்ட குறுநில மன்னர் முத்தரையர் எனப்பட்டனர்; பின்னர்ச் சோழப் பேரரசர் காலத்தில் அச்சொல் ஆட்சியுரிமையோடு நில்லாது, நிருத்த மாராயன், வாச்சிய மாராயன் என ஆடலிலும் வாத்தியத்திலும் வல்லவர்க்கு வழங்கும் பட்டங்களிலும் இடம்பெற்றது. 'மாராயன்' என்பது மா அரையனே. அவ்விருதே, அரசவையினின்று அரங்கன் அவைக்கு வந்து நிலைத்தது என்று கருதுகிறேன்.

நாதமுனிகள் நாலாயிரத்தையும் தொகுத்து, தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு பயிற்றுவித்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. அரையர் மரபின் தொடக்கம் அதுவே. அவர் பேரரான ஆளவந்தாரின் குமாரர் திருவரங்கப்பெருமாள் அரையர், காஞ்சிக்குச் சென்று பேரருளாளன் சந்நிதியில் பாடி, வேண்டிய வரம் தருவதாகப் பெருமான் திருவாய் மலர்ந்தபோது, பொன்னையோ பூமியையோ விரும்பாது இராமாநுஜரையே பரிசாகக் கேட்டுப் பெற்று அரங்கத்துக்கு அழைத்து வந்தாராம். வைணவ உலகின் போக்கையே மாற்றிய அவ்வரவு ஒரு பாடகரின் சம்மானம்! பின்னர் அவ்விராமாநுஜரே அரையரை ஆசாரியராகக் கொண்டு, ஆறு மாத காலம் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சள் காப்பு அரைத்தும் பணிவிடை செய்து உபதேசம் பெற்றார். இசைக்கு இதனினும் உயர்ந்த மதிப்பை எந்த அரசவை அளித்திருக்கும்?

இத்துணைப் பெருமை வாய்ந்த அரையருக்கே விண்ணப்பம் செய்வார் என்னும் மற்றொரு பெயரும் உண்டு. பெருமாள் அழைப்பதாக 'அருளப்பாடு' என்று கட்டியம் கூறப்படுங்கால், 'நாயிந்தே' என்று பணிந்து விடையிறுத்தே அவர் முன்வருவார். அரசப் பட்டமும் அடிமைச் சொல்லும் ஒருவரிடத்தே கூடியிருப்பதே இம்மரபின் அழகு.

தமிழ்நாட்டில் இச்சேவை ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களிலேயே இன்று நிலைபெற்றிருக்கிறது. அங்கும் அது சில குடும்பங்களில், தந்தை பாடக் கேட்டு மகன் பயிலும் வித்தையாகவே நடந்து வருகிறது.