கடையாணியிலிருந்து வீல் ஸ்டட் வரை: மட்டாஞ்சேரியின் சக்கரங்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் சரக்கு நெடுங்காலம் தண்ணீர் வழியாகவே வந்தது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சிக் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னாளில் இங்கு எழுந்த கிடங்குகள் ஒரு வாசலைப் பஜார் சாலைப் பக்கமும் மறு வாசலைக் காயல் பக்கமும் வைத்துக் கட்டப்பட்டன. மிளகும் சுக்கும் ஏற்றிய வள்ளங்கள் காயல் வாசலில் அணைந்தன. சக்கரத்துக்கு மிஞ்சியது தெருவுக்குள் ஓடும் சிறு தூரம்தான். அதற்கு மாட்டுவண்டியும் கைவண்டியும் போதுமாயிருந்தன.

அந்த வண்டிகளில் சக்கரத்தைக் கழலாமல் காத்தது கடையாணி. அச்சு அசையாமல் நிற்கும். சக்கரத்தின் குடம் அதன்மேல் சுற்றும். அச்சின் நுனித் துளையில் செருகிய ஆணி குடம் வெளியே நழுவாமல் தடுக்கும். பாரம் முழுவதையும் அச்சே தாங்கியதால் ஆணிக்கு வேலை குறைவு. அது தொலைந்தால் எந்தக் கொல்லனும் ஒன்று அடித்துக் கொடுப்பான்.

தரைவழியை மாற்றியது துறைமுகம். சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் அனுப்பிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் கொச்சிக்கு வந்தார். கழிமுகத்தை மறித்த மணல்திட்டு வெட்டப்பட்டு, 1928-இல் முதல் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதே வில்லிங்டன் தீவு. கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சித் திவானாக இருந்து துறைமுக வளர்ச்சிக்குத் துணைநின்றார். தீவின் கிழக்கே வெண்டுருத்திப் பாலமும் மேற்கே தோப்பும்படிப் பாலமும் அமைந்தபின், எர்ணாகுளத்துப் பக்கமிருந்து லாரி நேராகவே மட்டாஞ்சேரிக்கு வர முடிந்தது.

லாரியிலும் காரிலும் சக்கரம் அச்சின்மேல் தனியாகச் சுற்றுவதில்லை; சுழலும் ஹப்பில் (குடத்தில்) பதித்த ஸ்டட் என்னும் மரைத்தண்டுகளில் மாட்டி, நட்டால் இறுக்கிப் பிணைக்கப்பட்டிருக்கிறது. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. அந்த இழுவிசை சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்க, பாரத்தைத் தாங்குவது இரண்டு பரப்புகளுக்கும் இடையிலான உராய்வு. இறுக்கம் தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிர்ந்து, களைத்து முறிகிறது. கடையாணியைப் போல இதைக் கொல்லுப் பட்டறையில் அடித்துவிட முடியாது. கலப்பு எஃகை வெப்பப் பதம் செய்து, மரையை வெட்டாமல் உருட்டி எடுக்க வேண்டும். சாதாரண இரும்பைக் கடைசலில் பிடித்துச் செய்த ஸ்டட் பார்வைக்கு அச்சாக அப்படியே இருக்கும்; ஆனால் சக்கரத்தை நம்பி ஓட்டுபவரின் உயிரோடு விளையாடும். கடைசல்காரரின் கைத்திறன் எவ்வளவு பெரிதானாலும் இந்த ஒன்றில் அதை நாடக் கூடாது. 1966-இல் சென்னை பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாசனர்ஸ் போன்ற ஆலைகள் உயர் இழுவலிமை கொண்ட போல்ட், நட்டுகளை நாட்டுக்குள்ளேயே செய்தது அதனால்தான் பெரிய காரியம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய சாலைகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்மொழிந்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60 பாகை. 1947-க்குப் பின் வில்லிஸ் ஜீப், 1954 முதல் டாட்டா-மெர்சிடிஸ் லாரி, 1955 முதல் அசோக் லேலண்ட் என மூன்று நாட்டு மரபுகள் ஒரே சாலையில் ஓடின. ஒன்றின் நட்டை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் மரை வழித்துக்கொண்டு போகும். மலைத்தோட்டங்களில் ஓடிய ஜீப் மேலும் ஒரு பாடம் வைத்திருந்தது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடஞ்சுழி மரை; அங்கே வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் நட் கழலும். இதை அறியாமல் வீல் ஸ்பானர்மேல் ஏறி மிதித்தால் ஸ்டட் முறியும். ஓட்டத்தில் நட் தானே தளரும் என்று அஞ்சிச் செய்த ஏற்பாடு அது. கூம்பு முக நட்டும் சரியான இறுக்கமும் போதும் என்று தெளிந்தபின், கார்களில் அது வழக்கொழிந்தது.

இன்று மட்டாஞ்சேரி போன்ற ஊரில் ஸ்டட்டுக்கு எதிரிகள் ஜூனில் தொடங்கும் மழை, உப்புக்காற்று, ஏர் கன்னால் அளவு பாராமல் இறுக்கும் பழக்கம். பழுதான ஸ்டட்டைப் பல கார்களில் வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாம். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தையும் டிரம்மையோ டிஸ்க்கையோ கழற்ற வேண்டும். பழையதைச் சுத்தியலால் பின்பக்கம் தட்டி, இடைவெளி உள்ள இடத்துக்கு ஹப்பைத் திருப்பி உருவ வேண்டும். புதியதைப் பின்னிருந்து செருகி, வாஷர்களை அடுக்கி, பழைய நட்டைக் கொண்டு முறுக்கி இழுத்தால், அதன் கழுத்திலுள்ள வரிப்பற்கள் ஹப் துளையைக் கவ்வித் தலை படிந்துவிடும். சில கார்களில் உருவ இடமிருக்காது; அப்போது ஹப்பையே கழற்றியாக வேண்டும், அது பட்டறை வேலை.

வாங்கும்போது மரையின் இடைவெளியையும் பார்க்க வேண்டும்: மாருதி சுசுகி கார்களில் 12 மி.மீ. ஸ்டட்டுக்கு 1.25 மி.மீ.; டொயோட்டா, ஹோண்டாவில் பெரும்பாலும் 1.5. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் ஸ்டட்டே கிடையாது. ஹப்பில் நேரடியாக முறுக்கும் போல்ட்தான். ஒரே சக்கரத்தில் இரண்டு ஸ்டட் போயிருந்தால் மற்றவையும் அளவுக்கு மீறிய சுமை தாங்கியிருக்கும். அனைத்தையும் மாற்றுவதே சரி. நட்டுகளை எதிரெதிர் வரிசையில், டார்க் ரெஞ்சால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, 100 கி.மீ. வாக்கில் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.